ஜாயின்டரின் மூக்கு

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. கதவைச் சாத்தியிருக்கிறேன்.

எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். தெருமுனையில் முடி வெட்டுகிறவர்தான் சொல்லிக்கொடுத்தார். என் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பதினோரு மாதம் தினமும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். மருந்துச் சீசா, பஸ் டிக்கெட், தீப்பெட்டி. என் வீட்டு வாசல் கதவில் ஒரு தகரப் பலகை உண்டே, வீடு வாங்கும்போதே இருந்தது, அதில் 'நாய் கடிக்கும்' என்று எழுதியிருக்கிறது. இருபது வருஷமாகத் தபால்காரர் தெருவில் நின்றே ஏன் சத்தம் போடுகிறார் என்பது இப்போதுதான் விளங்கியது. பலகையைக் கழற்றவில்லை. தினம் ஒரு தடவை படித்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கரையில் கடலடித் தந்திக் கேபிள் வந்து ஏறி, இந்த ஏப்ரலோடு நூறு வருஷம். பழைய கேபிள் ஆபீசை வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். அதற்கு ஒரு குழு. கேபிள் கப்பலில் வேலை செய்தவர்களில் இந்த ஊரில் மிச்சம் இருப்பது நான் மட்டும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் பழைய கேபிள் துண்டு ஒன்று சிக்கி வந்தது. நாலு ஆள் நீளம் இருக்கும். நடுவில் ஒரு ஜாயின்ட். மேலே சுற்றியிருக்கும் நூலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நீங்கள் போட்டது. அந்த ஜாயின்ட்.

மார்ச் 20 அன்று அதைப் பிளந்து உள்ளே பார்க்கப் போகிறார்கள். ஏப்ரல் 5 விழா. நாம் நேராகப் பேசி இருபத்தாறு வருஷம் ஆயிற்று. நீங்கள் வர வேண்டும்.

இந்தக் கடிதம் எழுத மூன்று நாள் ஆயிற்று. இரண்டு தடவை தேநீர் ஆறிப்போனது.

மச்சான்


பிப்ரவரி 11

கடிதம் எழுதியவர் யாரோ அவருக்கு,

என் மச்சானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கப்பலில் வருகைப் பதிவேட்டில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, மையை என் துண்டில் துடைத்துவிட்டுப் போகிற மனிதர் அவர். வேறு யாரோ விளையாடுகிறீர்கள்.

மேலும், அவர் என்னை எதற்கும் கூப்பிடுகிற ஆள் இல்லை. எங்கள் மகள் கல்யாணத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு தன் தங்கையை, அதாவது என் மனைவியைக் கூப்பிட்டு, சாப்பாடு நன்றாக இருந்தது என்று அந்த ஆளிடம் சொல் என்றார். நான், சந்தோஷம் என்று அந்த ஆளிடம் சொல் என்றேன். இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஓர் அடி கூட இல்லை. அவள் அந்த ஓர் அடியை நான்கு தடவை நடந்தாள்.

ஆகவே ஒரு கேள்வி. கப்பலில் ஜாயின்ட் போடும் நாட்களில் என் மச்சானுக்கு ஒரு தனி வேலை உண்டு. கேபிள் கம்பெனியின் எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. அது என்ன வேலை? எந்த விரலால்? சரியாகச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

என் மனைவி உங்கள் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது அண்ணன் எழுத்துதான் என்கிறாள். அண்ணன் எழுத்தை நீ எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். "அண்ணன் நடக்கிற மாதிரியே இருக்கு, பாருங்க" என்கிறாள். எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றிச் சுற்றிப் போகின்றன என்பது மட்டும் உண்மை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜாயின்டர்


பிப்ரவரி 19

மாப்பிள்ளைக்கு,

வலது கை ஆள்காட்டி விரல். உங்கள் மூக்கைச் சொறிவது.

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். திட்டுதான், ஆனால் எனக்கு நேராக வந்த திட்டு. இத்தனை வருஷம் தங்கச்சி வழியாக வந்தபோது அவள் பாதியை விழுங்கிவிடுவாள். முழுதாகப் படிக்கும்போது நன்றாக இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன்.

இன்னும் சொல்லட்டுமா? ஜாயின்ட் போடுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து நீங்கள் கையால் எதையும் தொடக் கூடாது. வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேல் தளத்தில் நடப்பீர்கள். கப்பலே உங்களுக்குக் கைராஜா என்று பெயர் வைத்திருந்தது. சோறு ஊட்டுவது நான். பொத்தான் போடுவது நான். தலை சீவுவது நான். தங்கச்சி புருஷன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. வேறு ஒருவனும் வர மாட்டேன் என்றுவிட்டான்.

நான் தொட்டி ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இன்னும் சந்தேகம் இருந்தால். கப்பலின் அடியில் மூன்று வட்டத் தொட்டி. அதற்குள் கேபிளைச் சுருட்டி அடுக்க, கையில் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். கப்பல் போன தூரத்தை விட நான் நடந்த தூரம் அதிகம். இப்போதும் சந்தைக்குப் போனால் நேராகப் போக வராது. தங்கச்சி சொன்னது சரிதான்.

குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். கேபிளில் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. முதல் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் அவர் ஆஸ்பத்திரியில் கூடினோம், அதனால் தலைவர் ஆகிவிட்டார். ஒரு ஜாயின்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவர் கேட்டார். நான் சொன்னேன்: நடுவில் செம்புக் கம்பி, அதன் மேல் மரப்பால் உறை, அதன் மேல் சணல், அதன் மேல் இரும்புக் கம்பிகள். அறுந்த இரண்டு முனையையும் சேர்க்கும்போது மரப்பாலைச் சூடு பண்ணி, விரலாலேயே மூன்று அடுக்குப் பூச வேண்டும். விரலில் துளி வியர்வை, துளி எண்ணெய், ஒரு முடி இருந்தால் போதும். அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். மின்சாரம் கடலுக்குப் போய்விடும். இந்தக் கரையில் தட்டுவது அந்தக் கரைக்குக் கேட்காது.

பல் டாக்டர் தன் விரல்களைப் பார்த்தார். "நானும் இதைத்தான் செய்றேன், ஆனா எனக்கு யாரும் ஊட்டி விடுறதில்லை" என்றார்.

இப்போது நம்புகிறீர்களா?

மச்சான்


பிப்ரவரி 27

மச்சான் அவர்களுக்கு,

நம்புகிறேன். எழுதக் கற்றுக்கொண்டதற்கு வாழ்த்துகள். வாழ்த்து இத்துடன் முடிந்தது.

நீங்கள் மறந்ததை நான் நினைவுபடுத்துகிறேன். வலது கை ஆள்காட்டி விரல் சரி. அந்த விரலில் நகம் இருந்ததைச் சொல்லவில்லை. நகத்தை வெட்டுங்கள் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன்? கயிறு முடிச்சை அவிழ்க்க நகம் வேண்டும் என்பீர்கள். என் மூக்கின் இடப்பக்கத்தில் இன்றும் ஒரு கோடு இருக்கிறது. தினமும் சவரம் செய்யும்போது உங்களைப் பார்க்கிறேன்.

இனி அந்த ஜாயின்ட். அன்றைக்கு மழை. கேன்வாஸ் கூடாரத்துக்குள் நான் இரண்டாவது அடுக்குப் பூசிக்கொண்டிருந்தேன். நீங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தும்மினீர்கள். நாலு மாதத்தில் கேபிள் ஊமையானது. கரையிலிருந்து அளந்து பார்த்தார்கள். பழுது அந்த ஜாயின்ட் கிடக்கும் இடத்தில்தான், கால் மைல் முன்னே பின்னே. விசாரணை வைத்தார்கள். தொட்டி ஆள் தும்மினார் என்று நான் உள்ளதைச் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? தும்மும்போது கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன், குற்றம் ஜாயின்டரின் கையில், அவருக்கு அன்று கை வியர்த்தது என்றீர்கள். எனக்கா? கை வியர்க்காது என்பதற்காகவே முப்பது பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தூக்குகிற செலவு அதிகம் என்று கேபிளை எடுத்துப் பார்க்காமலே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிது போட்டார்கள். உங்களைக் கேபிள் கரையேறுகிற குடிசைக்குக் காவலுக்கு அனுப்பினார்கள். என்னைக் கிடங்கில் உட்கார வைத்துக் கயிறும் பெயின்ட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு ஜாயின்ட் கூட நான் போடவில்லை. கடலே கண்ணில் படாத ஊராகப் பார்த்து வந்து குடியேறினேன். இங்கே இருக்கிற பெரிய தண்ணீர், எங்கள் மாடித் தொட்டி.

அதைப் பிளக்க வேண்டாம் என்று உங்கள் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். என் கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. பழைய பொருளைப் பழையபடி வைப்பதுதான் அருங்காட்சியகத்துக்கு அழகு.

ஜாயின்டர்


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

கை வியர்த்தது வியர்த்ததுதான். பார்த்தவன் நான். ஆனால் பிளக்க வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். பழைய பொருளைப் பழையபடி வைப்பதுதான் அழகு. குழுவில் இதையே நான் உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். நாம் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதைக் கேட்டால் தங்கச்சி மயங்கி விழுவாள். பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பழைய ஆபீஸ் பதிவேடுகளைத் தூசி தட்டும் வேலை என்னுடையது. தட்டுவது கொஞ்சம், படிப்பது அதிகம். நூறு வருஷத்துக்கு முன்னால் கேபிளைக் கரைக்கு இழுத்த கதை எல்லாம் இருக்கிறது. கப்பல் தூரத்தில் நிற்க, பீப்பாய்களில் கட்டி மிதக்கவிட்டு, ஊரே சேர்ந்து இழுத்திருக்கிறது. ஒரு பாதிரியார், ஒரு ரொட்டி சுடுகிறவர், பள்ளிக்கூடம் மொத்தம். முதல் செய்தி பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அது இரண்டாவது. அதற்கு முந்தின இரவு வேலையாட்கள் அனுப்பிப் பார்த்தது முதல் பக்கத்தில் பென்சிலால் இருக்கிறது. இங்கிருந்து, கேட்கிறதா? பதில் வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. கேட்கிறது, மெதுவாக அனுப்பவும்.

அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் வேறு எதையும் படிக்கவில்லை.

இப்போது கஷ்டமான விஷயம். கேபிளுக்குக் கீழே வைக்கப் போகும் பலகையின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். போன வருஷம் என்றால் நானும் ஆட்டியிருப்பேன். இந்த வருஷம் படித்தேன். 'இணைப்பு சரியாகச் செய்யப்படாததால் இந்தக் கேபிள் செயலிழந்தது' என்று இருக்கிறது. கீழே, இணைத்தவர் என்று போட்டு உங்கள் பெயர். முழுப் பெயர். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு.

ஆறு தடவை படித்தேன். அப்படியேதான் இருந்தது.

இதைப் போடக் கூடாது என்றேன். விசாரணைத் தீர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது என்றார் பல் டாக்டர். தீர்ப்பு தப்பு என்றேன். "அப்போ திறந்து பாத்துடலாம். வாயைத் திறக்காம நான் எதையும் சொல்றதில்லை" என்றார். பிளப்பது உறுதியாகிவிட்டது. இருபதாம் தேதி காலை பத்து மணி.

மச்சான்


மார்ச் 12

மச்சான் அவர்களுக்கு,

பித்தளையா, மரமா? பலகையைக் கேட்கிறேன். பித்தளை என்றால் நூறு வருஷம் இருக்கும்.

இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு மிச்சம் இருப்பது என்ன? நான் போட்ட ஜாயின்ட் நூற்றுப் பதினேழு. கடலுக்கடியில் கிடக்கின்றன, யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறப்போகிறது, அது இது. என் பேரன் ஒருநாள் அந்த ஊருக்கு வருவான். படிப்பான். அவனுக்கு நீங்கள் இத்தனை வயது வரை இருந்த மாதிரி படிக்கத் தெரியாமல் இருக்க வழியில்லை.

பிளக்கட்டும். இல்லை, பிளக்க வேண்டாம். எனக்குத் தெரியவில்லை.

நாம் ஒத்துப்போனோம் என்று உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். மயங்கி விழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு கதவைச் சாத்துறீங்கன்னா, உள்ளே ரெண்டு பேரும் எதையோ ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நான் உரிப்பதில்லை. கைக்கு ஆகாது. ஜாயின்ட் போடுவதை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் நான் கையைக் காப்பாற்றிக்கொண்டுதான் வருகிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

நீங்கள் எழுதுவதை என்னால் படிக்க முடிகிறது. மெதுவாகவே எழுதுங்கள்.

ஜாயின்டர்


மார்ச் 17

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. தங்கச்சி சொன்னது சரி.

நான் கடல் பக்கம் திரும்பவில்லை.

விளக்கு ஒரு கையில். மற்ற கையால் உங்கள் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தேன். அதனால் நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. நேராக ஜாயின்ட்டின் மேலேயே தும்மினேன். மரப்பாலின் மேல் துளி பட்டதைக் கண்ணால் பார்த்தேன். என் சட்டைக் கையால் துடைத்தேன். அந்தச் சட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நீங்கள் கண்ணைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை.

விசாரணையில் எனக்குப் பயம். உங்கள் கை வியர்த்தது என்று சொன்னேன். அதை நான் பார்க்கவே இல்லை. என் பொய்யைக் குமாஸ்தா எழுதினார், கட்டைவிரலை நான் வைத்தேன். உங்களைக் கிடங்கில் உட்கார வைத்தது நான்.

எழுத்து ஏன் கற்றுக்கொண்டேன் என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். பேப்பர் படிக்க என்று சொல்லிவைத்திருக்கிறேன். இதை எழுதத்தான். எழுதத் தெரியாதவன் கடிதம் போட வேண்டுமென்றால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? பத்து வருஷமாக யோசித்தேன். பிறகு முடி வெட்டும் கடைக்குப் போனேன்.

கேபிளைத் திறந்தால் உள்ளே என் தும்மல் இருக்கும். பலகையில் என் பெயர் போடச் சொல்வேன். கவலைப்படாதீர்கள். சாப்பிடுங்கள்.

மச்சான்


மார்ச் 17

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். காத்திருந்தால் எழுதமாட்டேன்.

மீன். பொரித்த மீன். இரண்டு துண்டு.

ஜாயின்ட் போட்ட அன்று மத்தியானம். அந்த வருஷம் என் மகளுக்கு ஒரு வயது. வீட்டில் உங்கள் தங்கச்சி அவளுக்கு ஊட்டுவாள், கப்பலில் நீங்கள் எனக்கு ஊட்டுவீர்கள். அதே கதைகள். அதே 'இன்னும் ஒரு வாய்'. எனக்கு முப்பத்தொன்பது வாயோ நாற்பது வாயோ என்று நீங்கள் மாலுமிகளிடம் கணக்குச் சொல்வீர்கள். அன்று சமையலறையில் யாரும் இல்லை. வாசனை வந்தது. உறையைக் கழற்றினேன். ஒரு மனிதனைப் போல என் கையால் எடுத்து நின்றுகொண்டே தின்றேன். அந்த மீனைப் போல ஒரு மீனை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உறையை மாட்டினேன். ஸ்பிரிட் போட்டுக் கழுவ நேரமில்லை. ஜாயின்ட் போடும்போது என் விரலில் அந்த எண்ணெயின் வாசனை எனக்கே வந்தது. இன்றும் வருகிறது.

கேபிள் ஊமையானதாகக் கேள்விப்பட்டபோது எனக்குத் தெரியும், என் கைதான் என்று. அப்போதுதான் உங்கள் தும்மல் நினைவுக்கு வந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களைக் கரைக்கு அனுப்பியது என் மீன்.

பலகை அப்படியே இருக்கட்டும். உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் விழாவுக்கு வரவில்லை.

ஜாயின்டர்


மார்ச் 21

மாப்பிள்ளை,

உங்கள் மீன் நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தது. என் தும்மல் அதே நேரம் அங்கே வந்திருக்கும். வழியில் எங்கேயோ இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்திருக்கும்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். பலகையில் என் தும்மலைப் போடுங்கள் என்றேன். ஆபீஸ் பலகையில் தும்மல் என்று எப்படிப் போடுவது என்றார். பொரித்த மீனும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் விஷயம், நீங்கள் சொல்ல வேண்டியது.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அவருடைய சின்ன ரம்பம், கொக்கி, இடுக்கி எல்லாம் அடுக்கியிருந்தார். முதலில் உங்கள் ஜாயின்ட். நீளவாக்கில் பிளந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரம்பம் நின்றது. திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை, மூன்று அடுக்கும் அப்படியே இருக்கின்றன. நேற்றுப் போட்ட மாதிரி. ஒரு குமிழி இல்லை, ஒரு கறை இல்லை. கொக்கியை வைத்துக் குத்திப் பார்த்தார், நகரவில்லை. ஓய்வுபெற்ற டெலிபோன் லைன்மேன் ஒருவர் மீட்டர் கொண்டுவந்திருந்தார். வைத்துப் பார்த்துவிட்டு, இது வழியாக இன்றைக்கும் பேசலாம் என்றார்.

"நான் பல் அடைச்சாக்கூட இவ்வளவு நாள் நிக்காது. யார் போட்டது இது?" என்றார் பல் டாக்டர். என் தங்கச்சி புருஷன் என்றேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை வெளியே சொன்னேன்.

அப்படியானால் பழுது எங்கே? மேசையை ஒட்டி நடந்துகொண்டே தடவிப் பார்த்தோம். ஜாயின்ட்டிலிருந்து ஒன்பது அடி தள்ளி, இரண்டு இரும்புக் கம்பிகள் விலகியிருந்தன. நடுவில் ஏதோ வெள்ளையாக, என் சுண்டுவிரல் நகம் அளவு. பல் டாக்டர் குனிந்தார். நிமிரவில்லை. நெற்றி விளக்கைக் கேட்டார். பிறகு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். "இது என்னோட துறை" என்றார்.

பல். ஒரு மீனின் பல். செம்புக் கம்பி வரைக்கும் கடித்து இறக்கிவிட்டு, பல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவர் இடுக்கியைப் போட்டு இழுத்தார். இழுக்கும்போது பழக்கதோஷத்தில் கேபிளைப் பார்த்து, "வலிக்காது, வலிக்காது" என்றார். வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சொத்தை இல்லை, நல்ல பல் என்றார். மூன்று மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினார்.

என் தும்மலும் உங்கள் மீனும் ஒன்றும் செய்யவில்லை. நாம் தின்னாத மீன் செய்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். அந்த மீன் நாலு நொடி கடித்துவிட்டுத் தன் வழியைப் பார்த்துப் போய்விட்டது. நாம்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பலகை வாசகத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள். நானே எழுதிக் கொடுத்தேன். 'இந்த இணைப்பில் ஒரு குறையும் இல்லை' என்று. கீழே உங்கள் பெயர், அதே முழுப் பெயர். பெயின்டர் என் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார். கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கிறது. மரம்தான், பித்தளை இல்லை. ஆனால் நல்ல மரம்.

விழாவில் ஜாயின்ட்டை மேடையில் காட்ட வேண்டும். போட்டவர் கையிலேயே இருக்கட்டும் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. வருவீர்களா?

மச்சான்


மார்ச் 28

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தும்மல் வந்த அன்று நான் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் என் மீன் உங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. கோபத்தை விட்டுவிட்டேன். வேறு வழியில்லை.

பல் கடிதம் வந்ததும் உங்கள் தங்கச்சியிடம் உரக்கப் படித்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். உள்ளே போய்த் தட்டு நிறைய வெங்காயமும் கத்தியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அந்தக் கல்யாணத்துல நாலு தடவை நடந்தேன். உரிங்க" என்றாள். உரித்தேன். கண்ணீர் வந்தது. வெங்காயம்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சில நிபந்தனைகள். பல்லுக்கு என்று தனியாகக் கண்ணாடிப் பெட்டி வைக்கப்போவதாக உங்கள் பல் டாக்டர் எனக்கே கடிதம் போட்டிருக்கிறார். நடுவில் பல், ஓரத்தில் ஜாயின்ட்டாம். நூற்றுப் பதினேழு ஜாயின்ட் போட்டவனை விட ஒரு தடவை கடித்த மீன் பெரிய ஆளா? அவரிடம் பேசுங்கள். முடியாவிட்டால் பெட்டியாவது சின்னதாக இருக்கட்டும். ஆனால் பல்லை எனக்குத் தனியாகக் காட்ட வேண்டும். எந்த மாதிரி மீன் என்று பார்க்க வேண்டும். சமையலறையில் நான் தின்றதற்கு உறவுக்காரனாக இருந்தால், அது வந்து கணக்குத் தீர்த்ததில் தப்பில்லை.

நாலாம் தேதி மத்தியான ரயிலில் வருகிறோம். 'நாய் கடிக்கும்' என்ற வீட்டில்தான் தங்குவோம். ஊட்ட வேண்டாம், நானே சாப்பிடுவேன். என் கையால், மீன் கிடைத்தால் மீன்.

விழாவுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொள்கிறேன், பழையதைப் பெட்டியில் தேடி எடுத்துவிட்டேன். தலைவர் பேசி முடிக்கும் வரை ஜாயின்ட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பல் டாக்டர் எவ்வளவு நேரம் பேசுவார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் பேசும்போது எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருந்தே பழக்கம், யாரும் குறுக்கே பேசியதில்லை. மேடையில் எனக்கு இடப்பக்கம் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லுங்கள். ஒட்டிப் போடச் சொல்லுங்கள்.

நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள்.

மாப்பிள்ளை